மாமா திருப்பி அனுப்பிய கிறிஸ்துமஸ்

பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாமா அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு அவளுடைய செருப்பைப் பார்த்தார். வாசலில் கழற்றி விட்டிருந்த பழைய செருப்பைக் கையில் எடுத்து, திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவி, "வலது கால்ல வெளிப்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்குங்க. பொண்ணு கொஞ்சம் சாஞ்சி நடக்குமா?" என்று என் அப்பாவிடம் கேட்டார். அப்பா அவருக்குக் கொண்டு வந்த காபியை அப்படியே திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டார். மாமா எழுந்து போகவில்லை. "பெரிய டிஃபெக்ட் இல்லீங்க. பாஸ் பண்ணிடலாம்" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார். இந்த ஒரு வார்த்தையை அக்கா இருபது வருடம் சொல்லிக் காட்டினாள்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அவருக்கு ஃபைனல் செக்கிங்கில் வேலை. வெட்டி, தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகப் பார்க்கிற ஆள் அவர்தான். நூல் பிரிந்திருந்தால், பசை வழிந்திருந்தால், தோலில் கொசு கடித்த தழும்பு இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டி வந்த வழியே திருப்பி அனுப்புவார். அந்த ஸ்டிக்கர் தாள் சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கும். வீட்டில் பீரோவின் கீறலில் அம்பு, குக்கரின் ஒடுங்கிய விளிம்பில் அம்பு. என் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது போட்டோவில் கண்ணை மூடியிருந்த என் மச்சினன் நெற்றியில் ஒன்று ஒட்டியிருந்தது. "இதை எப்படி வாங்கினே? திருப்பிக் குடுத்திருக்கணும்" என்றார். போட்டோவையா மச்சினனையா என்று நான் கேட்கவில்லை.

அவர் போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் புதுச்செருப்பு வாங்கினால் அதைக் கடையின் கண்ணாடி மேஜைமேல் வைத்து, குனிந்து, மட்டம் பார்த்துவிட்டுத்தான் காலில் போடுகிறேன். கடைக்காரர்களுக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை.

கல்யாணமான புதிதில் மாமாவுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் பைத்தியம். அதுவும் ஊரோடு ஒத்த பைத்தியம் இல்லை. வெளிநாட்டுக்குப் போகிற கிறிஸ்துமஸ் சரக்கை மே மாதமே லைனில் போட்டால்தான் டிசம்பருக்குள் அந்த ஊர்க் கடைகளுக்குப் போய்ச் சேரும். கத்திரி வெயிலில், கம்பெனிப் பெண்கள் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே ரோமம் வைத்த குழந்தைகள் பூட்ஸ் தைப்பார்கள். அந்த முதல் பூட்ஸ் கைக்கு வந்த அன்று சாயங்காலம் மாமா வீட்டு வாசலில் ஸ்டார் கட்டிவிடுவார். மே மாதத்தில்.

பக்கத்து வீட்டு பாய் தோல் வியாபாரம் செய்பவர், நிதானமான மனுஷர். முதல் வருடம் மட்டும் கேட்டார்.

"இன்னா சார், போன வருஷத்து ஸ்டாரைக் கழட்ட மறந்துட்டீங்களா?"

"இல்ல பாய். இந்த வருஷத்துது ஸ்டார்ட் ஆயிடுச்சு."

"அதுக்குள்ளவா? எங்க ரம்ஜானாச்சும் பத்து நாள்தான் முன்னாடி வரும்" என்று சொல்லிவிட்டு பாய் உள்ளே போய்விட்டார். ஆடிக் காற்று, ஐப்பசி மழை எல்லாம் தாண்டி டிசம்பர் வரும்போது அந்த ஸ்டாரில் இரண்டு கால்தான் மிச்சமிருக்கும். மாமா அதற்குள் பல்பு போட்டு எரியவிடுவார். கிறிஸ்துமஸ் அன்று அக்கா காலையில் ஆலயத்துக்குப் போய் வந்து, புதுப் புடவையோடு அடுப்படியில் நுழைந்து, தெருவில் பதினோரு வீட்டுக்கும் தட்டு நிறைய பிரியாணியும் மேலே ஒரு துண்டு கேக்கும் அனுப்புவாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே நான் வேலூரிலிருந்து பஸ் பிடித்துப் போவேன்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. எட்டு வருடம் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். யாரிடம் குறை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை மாமா பிரித்துப் படிக்காமலே பர்ஸில் வைத்துக்கொண்டார் என்று அக்கா ஒருமுறை சொன்னாள். உலகத்தில் அவர் செக் பண்ணாமல் பாஸ் செய்தது அந்த ஒன்றைத்தான். அதற்காகவே எனக்கு அவர்மேல் கடைசிவரை மரியாதை இருந்தது. பின்னால் நடந்த கூத்துகளையெல்லாம் பொறுத்துக்கொண்டதும் அதனால்தான்.

கூத்து ஒரு குழந்தைகள் பூட்ஸில் ஆரம்பித்தது. சிவப்புத் தோல், வாய்ப்பக்கம் வெள்ளை ரோமம், பார்த்தாலே ஆசை வரும். இடது பூட்ஸில் குதிகால் ஒரு விரல்கடை உயரமாகப் போய்விட்டது. ஜோடியை மட்டப் பலகையில் நிற்க வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். மாமா பலகையில் வைக்கவில்லை. கையில் எடுத்து, ரோமத்தைத் தடவி, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பாஸ் செய்துவிட்டார். கப்பலேறிப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது.

திரும்பி வந்ததை என்ன செய்வார்கள்? பஜாரில் ரிஜெக்ட் சரக்கு விற்கும் கடைகளுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த கோடையில் ஆம்பூரில் பாதிக் குழந்தைகள் பனிக்கட்டிமேல் நடக்கிற பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐஸ் வாங்கப் போயின. எல்லாக் குழந்தைகளும் வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தன. மாமா வாசலில் நின்று ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தைகள் சிரித்துக்கொண்டுதான் போயின, அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் வேலை போகவில்லை. மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "பண்டிகை மூடுல பாத்தியா?" அந்தக் கேள்வி அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவர் கிறிஸ்துமஸையே செக்கிங் மேஜையில் தூக்கி வைத்துவிட்டார்.

"மச்சான், கம்பெனில சாம்பிள் ரூம்னு ஒண்ணு இருக்குது" என்று எனக்குப் பாடம் எடுத்தார். "ஆர்டர் குடுத்த பார்ட்டிக்காரன் கையெழுத்துப் போட்டு சீல் வெச்சிக் குடுத்த ஒரு ஜோடி அங்க இருக்கும். லட்சம் ஜோடி தெச்சாலும் அதுதான் கணக்கு. டவுட்டு வந்தா அத எடுத்துப் பக்கத்துல வெச்சிப் பாக்கணும். கிறிஸ்துமஸுக்கு அந்த சாம்பிள் எது? அதை யாரு பாத்திருக்கான்?"

சாம்பிள் வேதத்தில் இருந்தது. இரண்டே இரண்டு இடத்தில். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒரு மாதம் படித்தார். பனி இல்லை. கேக் இல்லை. கழுதை இல்லை. குழந்தையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்தார்கள், ஆனால் மூன்று பேர் என்று எங்கேயும் இல்லை. அந்த டிசம்பரில் ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் செய்து வைத்த கிறிஸ்துமஸ் குடிலில் கழுதையின் முதுகில் ஒரு சிவப்பு அம்பு இருந்தது. பஞ்சுப் பனியில் நான்கு. சாஸ்திரிகளில் ஒருவர் தாடியில் ஒன்று.

போதகர் ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா இது?"

"மூணாவது ஆளு எக்ஸ்ட்ரா பீஸ், ஐயா."

போதகர் குனிந்து குடிலைப் பார்த்தார். "சரி. இதுல மூணாவது ஆளு எவருய்யா? நீ எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணினே?"

மாமா அதை யோசிக்கவில்லை. மறுநாள் போய், தவறாக ஒருவரை ரிஜெக்ட் செய்துவிடக் கூடாது என்று, மூன்று பேர் தாடியிலும் அம்பு ஒட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் என்னையும் இழுத்துவிட்டார். சத்திரத்தில் இடமில்லாமல்தானே ஆண்டவர் மாட்டுத்தொழுவத்தில் பிறந்தது, அதனால் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஒரு தொழுவத்தில் போய் இருந்தால்தான் சாம்பிளுக்கு மேட்ச் ஆகும் என்றார். கணியம்பாடியில் என் சிநேகிதன் ஒருவன் நான்கு கறவை வைத்திருந்தான். அவனிடம் விஷயத்தைச் சொன்னபோது, "எத்தினி பேரு வர்றீங்க?" என்று மட்டும் கேட்டான். நல்லவன், விருந்தாளி என்றால் உயிரை விடுவான்.

மாமா, அக்கா, என் மனைவி, நான் நாலு பேரும் போனபோது தொழுவம் பினாயில் போட்டுக் கழுவி மணத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆறு பிளாஸ்டிக் சேர், ஒரு ஸ்டாண்ட் ஃபேன், சுற்றிலும் சீரியல் லைட். சிநேகிதன் மனைவி வடை சுட்டு வைத்திருந்தாள்.

"மாடு எங்கப்பா?" என்றார் மாமா.

"வெளிய ஓட்டிட்டேன் சார். நீங்க நாலு பேரு வர்றீங்க, உள்ள இடம் பத்தாதே."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தாமே போய் ஒரு மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடு வாசல்வரை வந்தது, பினாயில் வாடை பட்டதும் நின்றுவிட்டது. சீரியல் லைட் பச்சையும் சிவப்புமாக மாறியதைப் பார்த்துப் பின்வாங்கி, அவரையும் இழுத்துக்கொண்டு போய் ரோட்டின் நடுவில் படுத்துவிட்டது. திருவண்ணாமலை பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து இன்னா பிரச்சினை என்று கேட்டார். மாமா அவரிடம் சத்திரத்திலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் அக்கா ஃபேனுக்கு எதிரில் உட்கார்ந்து ஏழு வடை சாப்பிட்டுவிட்டாள். இரண்டு வருடத்தில் இதுதான் நல்ல கிறிஸ்துமஸ் என்று என் மனைவியிடம் சொன்னாளாம்.

அதன்பிறகு மாமா ஒரு முடிவுக்கு வந்தார். எதைச் செய்தாலும் சாம்பிளுக்கு மேட்ச் ஆகவில்லை, மேட்ச் ஆகாத சரக்கு வெளியே போகக் கூடாது. ஆகையால் கிறிஸ்துமஸ் இல்லை. ஸ்டார் இல்லை, புதுத்துணி இல்லை, பிரியாணி இல்லை. ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து ரசம் சோறு. முதலில் அக்கா, இதுவும் இன்னொரு கிறுக்கு, போய்விடும் என்று இருந்தாள். இரண்டு வருடம் ஆனது. ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் பாய் வீட்டிலிருந்து தட்டு வந்தது, பொங்கலுக்கு எதிர்வீட்டிலிருந்து வந்தது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூசி, இரண்டு வாழைப்பழம் வைத்துக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிடுவாள்.

மூன்றாவது டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, இந்த வருடம் ஒரு சின்ன ஸ்டாராவது கட்டலாமா என்று கேட்டாள்.

"எதுக்கு? அதுக்கு இன்னா அர்த்தம்னு சொல்லு, கட்டறேன்" என்றார் மாமா.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ஊர்ல எல்லா வூட்லயும் எதனா பொறந்துக்கினே இருக்குது. நம்ம வூட்ல வருஷத்துக்கு ஒருவாட்டி பொறக்கறது இந்த ஒரு புள்ளதான். நான் அதுக்குத்தான் புடவை கட்டினேன், அதுக்குத்தான் சோறாக்கினேன். அதையும் நீங்க ரிஜெக்ட் பண்ணிட்டீங்க. இனிமே இந்த வூட்ல எனக்கு இன்னா இருக்குது?"

குழந்தை இல்லாத ஏக்கத்தை அவள் வாய் திறந்து சொல்லி, இருபது வருடத்தில் நான் கேட்டதில்லை. பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள். கோபித்துக்கொண்டு நாலு நாள் அம்மா வீட்டுக்குப் போகிற மாதிரி இல்லை. தையல் மிஷினையும் எடுத்துக்கொண்டாள். மாமா தடுக்கவில்லை. மிஷினை அவரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கி வந்து, "ஜன்னல் பக்கம் உக்காரு, உனக்கு வாந்தி வரும்" என்று மட்டும் சொன்னார். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் வேலூரில் ஆலயம் முடிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தோம். அக்கா என் மனைவியோடு சேர்ந்து கறி அலசிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஆம்பூர் பாய்.

"தம்பி, நாங்க எல்லாம் இங்கதான் இருக்கறோம். தைரியமா இரு."

"இன்னா பாய்?"

"அக்கா எப்ப தவறுனாங்க? சார் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரு. பாடி ஆஸ்பத்திரியில இருக்குதா, உன் வூட்ல இருக்குதா?"

நான் போனைக் கையால் மூடிக்கொண்டேன். "யாரு?" என்றாள் அக்கா. "பாய். நீ செத்துட்டியாம்" என்றேன்.

"எப்போ?" என்றாள் அக்கா, கறியிலிருந்து கையை எடுக்காமல்.

நடந்தது இதுதான். நாலைந்து நாளாக அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் இல்லை, அக்காவைக் காணவில்லை. பண்டிகை நாளும் அதுவுமாக லைட் எரியவில்லை. மாமா ஆலயத்துக்கும் போகவில்லை. போனால் மனைவி எங்கே என்று நூறு பேர் கேட்பார்கள். சவரம் செய்யாத முகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பாயம்மா வந்து, அக்கா எங்கே என்று கேட்டிருக்கிறார். மாமா பதில் சொல்லவில்லை, அவர் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவுதான், பாயம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் தெருவில் ஷாமியானா போட்டாகிவிட்டது.

"நீங்க உடனே இல்லேன்னு சொல்லியிருக்கலாமே மாமா" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "பொண்டாட்டி வுட்டுட்டுப் போய்ட்டான்னு சொல்றதுக்கு வாய் வரல மச்சான். அவங்களா ஒண்ணு முடிவு பண்ணாங்க, வுட்டுட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கும் அன்னிக்கு சாவு வூடு மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

போனில் சொன்னால் யாரும் நம்பவில்லை. நேரில் காட்டினால்தான் ஆயிற்று என்று அக்காவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாதனூர் தாண்டியதும், "யாரு யாரு வந்திருக்காங்கன்னு கேட்டியா?" என்றாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ஐம்பது சேர் போட்டிருந்தது. பாய் வீட்டிலிருந்து அண்டாவில் சோறு வந்திருந்தது, துக்க வீட்டில் அடுப்பு எரியாதே என்று. நடுவில் மாமா குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். கையில் ரோஜா மாலையோடு நின்ற எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் அக்காவைப் பார்த்தார். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாங்கம்மா" என்றார். பாயம்மா ஓடி வந்து அக்காவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துப் பார்த்தார். அழுதார். பிறகு தோளில் இரண்டு அடி போட்டார்.

அதற்கப்புறம் ஐம்பது பேரும் மாமா பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப யாரு சார் செத்தது?" என்றான் ஷாமியானாக்காரன்.

"யாரும் சாகல."

"அப்புறம் ஏன் சார் வூடு இப்படிக் கெடக்குது?" என்றார் பாய். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வருஷா வருஷம் பாக்கறேன். லைட் கெடயாது, அடுப்பு கெடயாது, அந்தப் பொம்பளைக்கு ஒரு நல்ல துணி கெடயாது. இன்னிக்கு உங்க கிறிஸ்துமஸ்தானே? அப்படின்னா இன்னா சார்? நீங்களே சொல்லுங்க."

மாமா வாயைத் திறந்தார். பனி இல்லை, கேக் இல்லை, கழுதை இல்லை என்று ஆரம்பிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் கையில் பையோடு, வீட்டுக்குள் போகாமல், விருந்தாளி மாதிரி ஓரமாக நின்றாள்.

"கொழந்தை பொறந்தது பாய்" என்றார் மாமா.

"பொறந்த வூடா இது?" என்றார் பாயம்மா. "பொறந்த வூட்ல தெருவுக்கே சக்கரை குடுப்பாங்க. நாங்க சாவுச் சோறு ஆக்கி எத்துக்கினு வந்து நிக்கறோம்."

மாமா எழுந்து உள்ளே போனார். அடுக்களையில் டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. சர்க்கரை டப்பாவும் ஸ்பூனுமாக வெளியே வந்து, அக்காவின் முன்னால் நின்றார்.

"ஒரு ஆளுக்கு எவ்ளோ போடணும்?" என்றார். அந்த வயதுவரை அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு அவசியம் வந்ததில்லை.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்பூனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "கேட்ட அளவுக்குப் போடுங்க" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டாள்.

முதல் ஸ்பூன் பாய்க்கு. அடுத்தது பாயம்மாவுக்கு. எதிர்வீட்டுக்காரர் மாலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். துக்கத்துக்கு வந்தவர்கள் வரிசையாக நின்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். மாமா அதோடு நிற்கவில்லை. தெருவில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். அக்கா புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு கூடவே போனாள். நான் பின்னாலேயே போனேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டையும் அடக்க முடியவில்லை.

தெருவின் கடைசி வீட்டில் அந்த வாரம்தான் குடிவந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அக்கா செத்ததும் தெரியாது, பிழைத்ததும் தெரியாது. கையில் விழுந்த சர்க்கரையைப் பார்த்தாள். மாமாவின் நரைத்த தாடியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"யாருக்குக் கொழந்தை?" என்றாள்.

"எங்களுக்குத்தான்" என்றார் மாமா.

"இன்னா கொழந்தை?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அக்கா அவரைத் தாண்டி முன்னால் வந்துவிட்டாள்.

"ஆம்பளப் புள்ள" என்றாள்.